ஆழ்வார்திருநகரிக்குப் போய்ச் சொன்னது

செண்பகம்,

நேற்று நீ போன் செய்து, "போன காரியம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டபோது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த ஆதியிடம் அதை நீ சொன்னதும் கேட்டது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் நடந்தது முழுவதும் அதில் இல்லை. போனில் முழுவதையும் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. பாதியில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், உன் மனம் நோகக்கூடாதே என்று நான் எதையாவது மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மா மூட்டுவலிக்கு மருந்து வாங்க அம்பாசமுத்திரம் போயிருக்கிறாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆழ்வார்திருநகரிக்கு, ஆதி வீட்டுக்குப் போய்வந்ததற்கே இப்படி. இதே பஸ்களில் கண்டக்டராகத் தொங்கிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

தன் வீட்டில் தானே சொல்லியிருக்க வேண்டும் என்று ஆதி வருத்தப்படுகிறான் என்றாய். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொல்லத்தான் செய்தான். "அவளுக்கு வயித்துல ஒரு பிரச்சினை, டாக்டரப் பாத்துக்கிட்டு இருக்கா" என்பதோடு அவன் வாய் அடைத்துக்கொண்டது. அவன் அம்மா அதை நீர்க்கட்டி என்று எடுத்துக்கொண்டு, ஏரலில் ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார், மூன்று மாதம் லேகியம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, நிச்சயம் பண்ணிப் பூ வைக்க வருகிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நீ அன்றைக்கே என்னிடம், "அப்பா, அவங்க வேற எதையோ நினைச்சுக்கிட்டு சரின்னு சொல்லியிருக்காங்க. அது சம்மதமே இல்ல. நான் நேர்ல போய்ச் சொல்லுதேன்" என்றாய். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். இந்த மாதிரிச் செய்தியைக் கேட்டதும் மனிதர்கள் வாயிலிருந்து முதலில் விழும் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்காது. அவர்களே பிறகு அதற்காக வருந்தலாம். ஆனால் கேட்டவர் மறக்கமாட்டார். அந்த முதல் வார்த்தை என் காதில் விழட்டும் என்று நினைத்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் அங்கன வந்தா அழுதுருவேன், காரியம் கெட்டுப் போயிரும். நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கர்ப்பப்பை, சினைப்பை, கருமுட்டை. ஒரு ஆண் இன்னொருவர் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடிய வார்த்தைகளாக அவை எனக்குப் படவே இல்லை. இதற்கிடையில் என் தொந்தரவு வேறு. உனக்குத் தெரியும், இப்போதெல்லாம் என்னால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் சிறுநீரை அடக்கி உட்கார முடியாது. திருநெல்வேலியில் இறங்கி ஒருமுறை, திருச்செந்தூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் இன்னொருமுறை. அப்படியும் ஸ்ரீவைகுண்டம் தாண்டுவதற்குள் அடிவயிறு கனத்துவிட்டது. வழியில் நிறுத்தச் சொல்லும் கிழவர்களை ஒரு காலத்தில் நான் எவ்வளவு எரிச்சலோடு பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தேன்.

உன் பதினாறாவது வயது ஞாபகம் வந்தது. உன்னோடு படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் சடங்கு முடிந்துவிட்டது. நீ அவர்களைவிட உயரமாக வளர்ந்திருந்தாய். உடம்பிலும் முகத்திலும் குமரிப்பிள்ளைக்கு வரவேண்டிய மாற்றமெல்லாம் வந்துவிட்டது. அது மட்டும் வரவில்லை. தெருவில் கேட்காத ஆள் இல்லை. "இன்னும் ஆகலையா? டாக்டர்ட்ட காட்டினியளா?" என்று ரேஷன் கடை வரிசையில் உன் அம்மாவைப் பிடித்துக் கேட்பார்கள். கடைசியில் உன் தாய்மாமன் பட்டுச்சேலையும் சீர்ப்பொருளுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். "அது வரும்போது வரட்டும். ஊரு வாய அடைக்கணும்னா இப்பமே சடங்க வச்சிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். உன் அம்மா பாதி மனதோடு தலையாட்டிவிட்டாள். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல்தான் நின்றேன். நீ அடுக்களை வாசலில் நின்று, "வராதத வந்துட்டுன்னு சொல்லி நான் மணையில உக்கார மாட்டேன் மாமா" என்றாய். குரல் நடுங்கியது. ஆனால் சொல்லி முடித்தாய். அவர் என்னைப் பார்த்தார். "அவ சொல்லுததுதான் சரி" என்றேன். அவர் சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர்தான். இன்றுவரை நம் வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்கு உன்னைக் கூட்டிப் போனோம். அந்த டாக்டரம்மாவை நீ மறந்திருக்கமாட்டாய். ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, எங்களை உட்காரவைத்து, ஒரு தாளில் படம் வரைந்து சொன்னார்கள். தாயின் வயிற்றில் குழந்தை உருவாகத் தொடங்கும் முதல் வாரங்களில் ஆணா பெண்ணா என்று பார்த்தால் தெரியாதாம். எல்லாக் கருவுக்குள்ளும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்குமாம். ஒரு ஜோடி ஆணுக்கானது, ஒரு ஜோடி பெண்ணுக்கானது. ஆண் என்றால் பெண்ணுக்கான ஜோடி சுருங்கிப் போகும். மற்றது விந்து வரும் பாதையாக வளரும். பெண் என்றால் ஆணுக்கான ஜோடி மறைந்து, மற்ற இரண்டும் கீழ்ப்பக்கம் ஒன்றோடொன்று சேர்ந்து கர்ப்பப்பையாகும், மேல்பக்கம் கருக்குழாய்களாக நிற்கும். "உங்க பொண்ணுக்கு அந்தக் குழாய்கள் சேர்ந்து வளர வேண்டிய நேரத்துல வளரலை. அவ்வளவுதான். யாரும் எதுவும் செஞ்சதாலயோ, செய்யாததாலயோ இல்லை" என்றார்கள். உன் அம்மா அப்போதுதான் மூச்சுவிட்டாள். நிறைமாதத்தில் குடம் தூக்கியதால் இப்படி ஆயிற்றோ என்று மனதுக்குள் வைத்து மருகிக்கொண்டிருந்தாளாம், எனக்கே அன்றுதான் தெரியும்.

சினைப்பைகள் வேறிடத்திலிருந்து உருவாவதால் உனக்கு அவை இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அதில் முட்டை முதிர்கிறது, பெண்ணுக்கான சுரப்பு சுரக்கிறது, அதனால்தான் உன் வளர்ச்சியில் குறை இல்லை. மாதாமாதம் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, கரு தங்காதபோது கரைந்து வெளியே வருவதுதான் தீட்டு. அந்தச் சுவரே இல்லாத இடத்தில் கரைவதற்கு ஒன்றும் இல்லை. சிறுநீரகமும் அதே நேரத்தில், பக்கத்திலேயே உருவாகும் உறுப்பு என்பதால் அதையும் பார்த்தார்கள். உனக்கு இரண்டும் நன்றாக இருந்தன. கர்ப்பப்பைக்குப் போகும் பாதையின் மேல்பகுதியும் உருவாகியிருக்காது, அதற்கு வழி இருக்கிறது, அவள் வளர்ந்தபிறகு அவளே வந்து கேட்டு முடிவெடுக்கட்டும், நீங்கள் யாரும் அவசரப்படுத்த வேண்டாம் என்றார்கள். நான் முட்டாள்தனமாக, "அப்போ எனக்குள்ளயும் அந்தக் குழாய் இருந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். அவர்கள் சிரிக்காமல், "இருந்தது. இப்பவும் உங்க புரோஸ்டேட் சுரப்பிக்குள்ள குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி மிச்சம் இருக்கும்" என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது நீ கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "அப்போ நான் சீக்கு இல்லல்லாப்பா?" இல்லை என்றேன். அதற்குப் பிறகு நீ அழுததெல்லாம் எனக்குத் தெரியாமல் அழுததுதான்.

ஆதியின் வீட்டில் என்னை நல்லபடியாகவே வரவேற்றார்கள். அவன் அப்பா தோட்டத்தில் வாழைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், கையில் வாழைக்கறை. அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பூ வைக்க எத்தனை பேர் வருவார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். தள்ளிப்போட்டால் எனக்கு வாய் வராது என்று பயந்து, காபியைக் கையில் எடுக்காமலே சொல்லிவிட்டேன்.

"மதினி, ஆதி உங்ககிட்ட அரைகுறையாத்தான் சொல்லியிருக்கான். எம் பிள்ளைக்கு நீர்க்கட்டி இல்ல. அவளுக்குக் கர்ப்பப்பையே கிடையாது."

"ஏன், எடுத்துட்டாவளா?"

"எடுக்கல. பொறக்கும்போதே உருவாகல."

ஆதியின் அம்மா கணவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "அப்படின்னா அது பொம்பளப்பிள்ளைதானா?" என்றார்கள்.

நான் சொன்னேனே, அந்த முதல் வார்த்தை இதுதான். இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்தேன். மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் இந்தக் கடிதத்துக்கும் நேற்றைய போனுக்கும் வித்தியாசம் இல்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டார்கள். நானும் ஒரு காலத்தில் தெரியாதவன்தான். "பொம்பளப்பிள்ளைதான் மதினி. ரத்தத்துல குரோமோசோம் பாத்தாச்சு. முட்டை வருது. சுரப்பு எல்லாம் உங்களுக்கு, எம் வீட்டுக்காரிக்கு இருந்த மாதிரிதான். பிள்ளை தங்குத இடம் மட்டும் இல்ல" என்று டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில் சொன்னேன். "முட்டை வருதுங்கிய, பொறவு அது எங்கன போவும்?" என்று கேட்டார்கள். உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் என்றேன். "எம் மவனுக்கு இதெல்லாம் தெரியுமா?" "தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும்." அங்கேதான் அவர்கள் முகம் உடைந்தது. "ரெண்டு வருஷமா எங்கிட்ட வாயத் தொறக்கலையே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. கூச்சத்தோடு அவன் அப்பாவிடம் இடத்தைக் கேட்டேன். அவர் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வெளியே நின்றார். நான் வர வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்ததும், "உமக்கும் இந்தத் தொந்தரவா வே?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு ரெண்டு வருஷமா. மூத்திரப்பையில கல்லுன்னு வாழத்தண்டுச் சாறாக் குடிக்கேன்" என்றார். மூத்திரப்பைக்குக் கீழே, பாதையைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது, விந்துக்கு நீர் கொடுப்பது அதுதான், வயதானால் அது பெருத்துப் பாதையை நெருக்கும், மருந்து இருக்கிறது, ஆனால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று சொன்னேன். அவர் வாழைக்கறைக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னே எனக்குத் தெரியாது வே. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, பேரன் எடுத்தாச்சு" என்றார். பிறகு, "உம்ம மவ நல்ல பிள்ளைன்னு ஆதி சொல்லுதான். எனக்கு அது போதும். ஆனா இவளுக்குப் பத்தாது. அதையும் நீரு தெரிஞ்சுக்கிடணும்" என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

உள்ளே இலை போட்டிருந்தது. அவன் அம்மா அழுத முகத்தோடு பரிமாறினார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "முட்டை இருக்குன்னு சொன்னியள்லா? இப்பம் எல்லாம் வேற பொம்பளை வயித்துல வச்சுப் பெத்துக்கிடுதாவளே, அது முடியுமா?" என்று கேட்டார்கள். முடியும் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் சட்டத்தில் நிறைய நிபந்தனை இருக்கிறது, சுமக்கிற பெண் மனப்பூர்வமாக ஒத்துக்கொள்ள வேண்டும், ஊசி மருந்து என்று உன் உடம்பும் நிறையப் பாடுபட வேண்டியிருக்கும், எடுத்த உடனே பலிக்கும் என்றும் இல்லை என்றேன். அவர்கள் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "அப்போ பிள்ளை நம்ம ரத்தம்தான? எம் மவ சுமந்து குடுப்பா" என்று சொல்லி, அங்கேயே ஆதியின் அக்காவுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்துவிட்டார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டியதைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண் விஷயத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள், "எம்மா, இது அந்தப் பிள்ளை கேட்டுச்சா?"

"அவ எதுக்கு கேக்கணும்? நான் கேக்கேன்."

"நீ எப்படி கேப்ப? அது அவ முட்டை, இது எம் வயிறு. நடுவுல நீ யாரு? ரெண்டாவது பிரசவத்துல நான் பட்டது உனக்குத் தெரியாதா? தையல் போட்ட இடம் மழைக்காலத்துல இன்னும் சுருக்குன்னு இழுக்கு. நான் மாட்டேன்னு சொல்லல. செய்யுதேன்னும் சொல்லல. மொதல்ல கல்யாணத்த முடிங்க. அந்தப் பிள்ளைக்குத் தேவைன்னு தோணுனா அதுவே எங்கிட்ட பேசட்டும்."

போனை வைத்துவிட்டு ஆதியின் அம்மா, "நான் என்ன தப்பாவா சொல்லிட்டேன்?" என்று கணவரிடம் கேட்டார்கள். அவர், "தப்பில்லட்டி. அவசரம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே, ஆவணியில் நாள் பார்க்கச் சொல்கிறேன் என்றார்கள். கல்யாணத்துக்குத் தடை இல்லை, பூ வைக்கச் சொன்னபடி வருகிறோம் என்றார்கள். இதைத்தான் நான் உன்னிடம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். ஆனால் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, மெல்லிய குரலில், "அண்ணாச்சி, நீங்க அவகிட்ட பையப் பைய எடுத்துச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார்கள். "எடுத்துச் சொல்ல மாட்டேன் மதினி. நீங்க இப்படிக் கேட்டியன்னு மட்டும் சொல்லுதேன்" என்றேன். அவர்கள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு இதையே யோசித்தேன். காலையில் உனக்குக் கர்ப்பப்பை இல்லை என்று அழுதவர்கள், மத்தியானத்துக்குள் யார் கர்ப்பப்பை கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பேரப்பிள்ளை ஆசை எங்களுக்கு மட்டும் இல்லையா? தெருவில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் உன் அம்மா கண் அதன் பின்னாலேயே போகும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். ஆனால் அந்த ஆசையை உன்னிடம் காட்டுவதில்லை என்று நாங்கள் இருவரும் பேசாமலே முடிவுசெய்து பல வருடம் ஆகிறது. அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வர நாளாகும். வராமலும் போகலாம்.

அதனால் நீ யோசித்துக்கொள். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சம்மதத்துக்குள் ஒரு பிள்ளை இப்போதே உட்கார்ந்திருக்கிறது. நீ அந்த வீட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து அவர்கள் அதை எதிர்பார்த்திருப்பார்கள். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நீ தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பார்கள். ஆதியோடு உட்கார்ந்து இதைப் பேசு. பிள்ளை வேண்டுமா, வேண்டாமா, தத்தெடுப்பதா, அந்த ஊசியும் மருந்தும் படுவதா, எதுவானாலும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். எடுத்த முடிவை அவன் அம்மாவிடம் அவனே முழுசாகச் சொல்லட்டும். பாதியில் வாய் அடைத்துப் போகும் பழக்கத்தை அவன் கல்யாணத்துக்கு முன்பே விட வேண்டும்; இதை நான் சொன்னதாகவே சொல். அவன் அக்காவிடம் நீ ஒருநாள் பேசு, பிள்ளைக்காக இல்லை, சும்மா பேசு. அந்த வீட்டில் உனக்கு ஒரு ஆள் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவன் அம்மா கேட்ட அந்த முதல் கேள்வியை முடிந்தால் மன்னித்துவிடு. முடியாவிட்டால் முடிந்தபோது மன்னி.

இந்தக் கல்யாணத்தை நடத்து என்றோ நிறுத்து என்றோ நான் சொல்லப் போவதில்லை. எனக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது, உண்மைதான். நேற்று வந்து செருப்பைக் கழற்றியவன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஆனால் நீ யோசித்துவிட்டு, "அப்பா, அவங்ககிட்ட இன்னொன்னும் சொல்லணும்" என்று சொன்னால், அது எதுவாக இருந்தாலும், நான் மறுபடியும் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அப்பா